கண்நலம் – வாசகர் கேள்வி பதில்: “மருந்தில்லை” என்று சொல்லப்பட்ட பிறகு

சென்ற இதழில் மாலைக்கண் பற்றி எழுதியபோது, இரவில் பார்வை மங்குவது எல்லாமே விற்றமின் ஏ குறைபாட்டினால் வருவதன்று, பரம்பரையாக வரும் அரிய விழித்திரை நோய்களும் அப்படித்தான் தொடங்கும் என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். கட்டுரையின் மற்றப் பகுதியை எவரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. வந்த கடிதங்கள் ஏறக்குறைய எல்லாம் அந்த ஒரு வரிக்கே வந்தவை. ஆகவே இம்முறை வேறு கேள்விகளை ஒதுக்கிவைத்து, அக்கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களையும் அடையாளம் காட்டக்கூடிய விபரங்களையும் நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் கணவருக்கு 36 வயது. சிறுவயதிலிருந்தே இருட்டில் தடுமாறுவார். இப்போது பக்கவாட்டில் வருபவர்களும் தெரிவதில்லை; காலி வீதி என்னும் பெருந்தெருவைத் தனியே கடக்க விடுவதில்லை. பதினொரு வருடங்களுக்கு முன்னர் ஒரு வைத்தியர் பரிசோதித்துவிட்டு, இது ‘ஆர்.பி.’ என்றும், மருந்து இல்லை என்றும், திரும்ப வரத் தேவையில்லை என்றும் சொன்னார். அதன்பின் நாங்கள் எவரிடமும் செல்லவில்லை. கடந்த ஒரு வருடமாக வாசிப்பதும் கடினமாகிவிட்டது. இது நோயின் போக்குத்தான் என்று விட்டுவிடுவதா? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: விட்டுவிடக்கூடாது. உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளுக்காகவே இந்தப் பதிலை முதலில் வைத்திருக்கிறேன்.

‘ஆர்.பி.’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா ஒரே நோயன்று. ஏறக்குறைய ஒரே மாதிரித் தோன்றும் பல நோய்களுக்கு இட்ட பொதுப்பெயர். ஏறத்தாழ 4000 பேரில் ஒருவருக்கு இது உண்டு. விழித்திரையில் மங்கிய ஒளியைப் பிடிக்கும் கோல் கலங்கள் முதலில் நலிகின்றன. அதனால்தான் இருட்டில் தடுமாற்றம் வருகிறது. பின்னர் பார்வைப் பரப்பின் ஓரம் சுருங்கத் தொடங்கி, காலப்போக்கில் ஒரு குழாய்க்குள்ளால் பார்ப்பது போன்ற நிலை ஏற்படுகிறது. வாசிப்பதற்கும் முகங்களை அறிவதற்கும் உதவும் நடுப்பகுதிக் கூம்புக் கலங்கள் பொதுவாக நெடுங்காலம் தாக்குப்பிடிக்கும். பலர் ஐம்பது வயதைத் தாண்டியும் நடுப்பார்வையைக் கொண்டு பத்திரிகை வாசிக்கிறார்கள்.

ஆகவே 36 வயதில், அதுவும் ஒரு வருடத்துக்குள் வாசிப்பு மங்கியிருந்தால், அடிப்படை நோய்தான் முன்னேறிவிட்டது என்று முடிவு செய்வதற்கு முன்னர் வேறு இரண்டு காரணங்களைத் தேட வேண்டும். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு.

முதலாவது, விழித்திரையின் நடுப்புள்ளியில் நீர் கோத்து ஏற்படும் வீக்கம். ஆர்.பி. உள்ளவர்களில் கணிசமானோருக்கு இது வருகிறது. சாதாரணமாகக் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்க்கும்போது தப்பிவிடக்கூடும், ஓ.சி.ரி. என்னும் ஸ்கேன் எடுத்தால் விழித்திரையின் அடுக்குகள் குறுக்கே வெட்டிய வாழைத்தண்டு போலத் தெரியும், அதனுள் நீர்க்குமிழிகள் இருந்தால் மறைக்க முடியாது. ஊசி கிடையாது, வலி கிடையாது, சில நிமிட வேலை. வீக்கம் இருந்தால், கண்ணழுத்த நோய்க்குக் கொடுக்கப்படும் டோர்சோலமைட் துளிமருந்தோ, அசெட்டசோலமைட் குளிசையோ பலருக்கு அதனை வற்றச் செய்கிறது. குளிசை சிலருக்கு விரல்நுனிகளில் விறைப்பையும் சிறுநீரகக் கல்லையும் உண்டாக்கலாம். சல்ஃபா மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். மருந்தை நிறுத்தினால் வீக்கம் திரும்பவும் வரலாம் என்பதனால் தொடர்ந்து கிளினிக்குக்குச் செல்வது அவசியம்.

இரண்டாவது, கண்புரை. ஆர்.பி. உள்ளவர்களுக்கு வில்லையின் பின்புறத்தில், சரியாக நடுவில், இளவயதிலேயே புரை படர்வது வழக்கம். மிஞ்சியிருக்கும் குறுகிய பார்வைக்குழாயின் வாயில் ஒரு திரை போட்டது போலாகிவிடும். வெளிச்சத்தில் கண் கூசுவதும், வெயிலில் வாசிப்பு மேலும் மோசமாவதும் இதன் அறிகுறிகள். சத்திரசிகிச்சையால் புரையை அகற்றலாம். வில்லையைத் தாங்கும் இழைகள் இவர்களுக்குத் தளர்ந்திருக்கக்கூடும் என்பதனாலும், சத்திரசிகிச்சைக்குப் பின் மேலே சொன்ன வீக்கம் வரலாம் என்பதனாலும், சத்திரசிகிச்சை நிபுணருக்கு ஆர்.பி. இருப்பது முன்னரே தெரிந்திருக்க வேண்டும். ஓரப்பார்வை திரும்பி வராது. ஆனால் கடிதத்தையும் மகளின் முகத்தையும் பார்க்க முடிவது சிறிய காரியமன்று.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த இளவயதில் நானும் ஒரு தையற்காரரிடம் “இனி வந்து பயனில்லை” என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஆறு வருடங்களின் பின் வேறொரு வைத்தியர் அவருக்குப் புரை அகற்றினார். அவர் மீண்டும் ஊசியில் நூல் கோத்தார் என்று கேள்விப்பட்டேன். அந்த ஆறு வருடமும் அவர் தையல் இயந்திரத்தைத் தொடவில்லை. நோய்க்கு மருந்தில்லை என்பது வேறு, நோயாளிக்குச் செய்ய ஒன்றுமில்லை என்பது வேறு. அந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பியது நான்தான்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு, இது மிக அரிது. ஆர்.பி. போலவே தோன்றும் சில நோய்களின் வேர் கண்ணில் இல்லை, உடலின் இரசாயனத்தில் இருக்கிறது. 1940களில் நோர்வே நாட்டு நரம்பியல் வைத்தியர் சிக்வால்ட் ரெஃப்சும் விவரித்ததனால் அவர் பெயரையே பெற்ற நோய் அவற்றுள் ஒன்று. இந்நோயாளிகளின் உடலால் பைட்டானிக் அமிலம் என்னும் ஒருவகைக் கொழுப்பமிலத்தை உடைக்க முடிவதில்லை. அது சேர்ந்து சேர்ந்து விழித்திரையையும் நரம்புகளையும் கெடுக்கிறது. மாலைக்கண்ணுடன் மணம் தெரியாமற் போதல், செவிப்புலன் குறைதல், பாதங்களில் விறைப்பு, மீன்செதில் போல உலர்ந்த தோல் ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்திருந்தால் இரத்தத்தில் அந்த அமிலத்தை அளந்து பார்க்க வேண்டும். பசு, ஆடு போன்ற அசைபோடும் விலங்குகளின் இறைச்சியிலும், பால், பட்டர், நெய் முதலியவற்றிலும் அது உண்டு. கீரையின் பச்சையத்திலிருந்து அதனைப் பிரித்தெடுக்க மனிதக் குடலால் இயலாது என்பதனால் கீரைக்குத் தடையில்லை. உணவைக் கட்டுப்படுத்தினால் கேடு மேலும் பரவாமற் பெரிதும் தடுக்கலாம். இன்னொன்று: இவர்கள் கந்தசஷ்டி போன்ற நீண்ட விரதங்களை இருக்கவே கூடாது, ஏனெனில் உடல் பட்டினியில் தன் கொழுப்பைக் கரைக்கும்போது அங்கே சேர்ந்திருந்த அமிலம் இரத்தத்தில் இறங்கிவிடும். இதே போல விற்றமின் ஈ உடலிற் தங்காமையால் வரும் விழித்திரை நோயும், ஓர்னிதின் என்னும் அமினோ அமிலம் மிகுவதால் வரும் நோயும் உண்டு; முன்னையதற்கு விற்றமினும், பின்னையதற்குப் புரதக் கட்டுப்பாடும் சிகிச்சை.

உங்கள் கணவருக்கு இவற்றில் ஒன்று இருக்கும் என்று சொல்லவில்லை. பதினொரு வருடங்களுக்கு முன்னர் எவரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதனால் இப்போது ஒருமுறை கேட்கப்பட வேண்டும் என்கிறேன். லிப்டன் சுற்றுவட்டத்துக்கு அருகிலுள்ள தேசிய கண் வைத்தியசாலையில் கண்ணைக் கட்டணமின்றிப் பரிசோதித்துக்கொள்ளலாம். பழைய கிளினிக் துண்டு, பழைய கண்ணாடிச் சீட்டு, உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பெயர்கள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். கண்ணில் துளி விட்டுக் கருமணியை விரிப்பார்கள். திரும்பி வரும்போது வெயில் கூசும், ஆகவே நீங்களும் உடன் செல்லுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 19 வயது, ஆர்.பி. என்கிறார்கள். என் மாமியார் சொல்லி, தினமும் பொன்னாங்காணியும் கரட்டும் கொடுக்கிறேன். பாமசியில் விற்றமின் ஏ குளிசையும் வாங்கிக் கொடுக்கிறேன். எவ்வளவு கொடுத்தால் குணமாகும்? – வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: பொன்னாங்காணியும் கரட்டும் தாராளமாகக் கொடுங்கள், உங்கள் மாமியார் சொன்னதில் பிழையில்லை, அவர் காலத்தில் மாலைக்கண் என்றால் பெரும்பாலும் ஊட்டக்குறைவுதான், அதற்குக் கீரையே மருந்து. மகனுக்கு இருப்பது வேறு. விளக்கில் எண்ணெய் வற்றினால் ஊற்றலாம், திரியே கருகும்போது எண்ணெய் ஊற்றி என்ன பயன்?

குளிசையைப் பொறுத்தவரை கதை சற்று நீளம். 1993 இல் அமெரிக்காவில் 601 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வொன்று, நாளொன்றுக்கு 15,000 அலகு விற்றமின் ஏ எடுத்தவர்களுக்கு ஒளி படும்போது விழித்திரை எழுப்பும் மின்சைகை சற்று மெதுவாகக் குறைந்தது என்றது. விற்றமின் ஈ அதிகமாக எடுத்தவர்களுக்கு அது விரைவாகக் குறைந்ததாகவும் சொன்னது. அதனைப் பின்பற்றி உலகெங்கும் பலர் பல ஆண்டுகள் குளிசை விழுங்கினார்கள். பிற்காலத்தில் எவருக்கு எந்த மரபணுவிற் கோளாறு என்ற விபரத்தையும் சேர்த்துப் பழைய தரவுகளை மீண்டும் அலசியபோது அந்தப் பயன் தென்படவில்லை. இப்போது நான் எவருக்கும் அதனைத் தொடங்கச் சொல்வதில்லை. மேலதிக விற்றமின் ஏ ஈரலிற் தங்கி அதனைக் கெடுக்கும்; கருவுற்ற பெண்கள் எடுத்தால் சிசுவின் உறுப்புகள் பாதிக்கப்படலாம். அடுத்த கடிதத்தில் வரும் நோய்க்கோ அது நேரடியாகவே கேடு. ஆகவே நோயின் பெயர் உறுதியாகும் வரையில் குளிசையை நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: எங்கள் மகள் 14 வயது, பம்பலப்பிட்டியில் ஒரு பாடசாலையில் படிக்கிறாள். கரும்பலகை தெரியவில்லை என்கிறாள். மூன்று தடவை கண்ணாடி மாற்றியும் பயனில்லை. கண் நன்றாக இருக்கிறது, படிக்க மனமில்லாமல் நடிக்கிறாள் என்று ஓரிடத்தில் சொன்னார்கள், நாங்களும் அடித்துவிட்டோம். பிறகு வேறொரு நிபுணர் ‘ஸ்டார்கார்ட்’ என்று சொல்லியிருக்கிறார். மனம் ஆறவில்லை. என்ன செய்வது? – பெற்றோர், தெகிவளை

பதில்: முதலில் மகளிடம் போய், நீ சொன்னது உண்மை, நாங்கள்தான் நம்பவில்லை என்று சொல்லுங்கள். இதற்கு வைத்தியர் தேவையில்லை, இன்றே செய்யலாம்.

ஸ்டார்கார்ட் நோய் ஆர்.பி.யின் மறுபுறம் போன்றது: இங்கே ஓரப்பார்வை நிற்கும், நடுப்பார்வை மங்கும். 1909 இல் ஜேர்மனிய வைத்தியர் கார்ல் ஸ்டார்கார்ட் இதனை விவரித்தார். தொடக்கத்தில் விழித்திரை பார்வைக்கு ஏறக்குறைய இயல்பாகவே தோன்றும் என்பதனால், பிள்ளை நடிக்கிறது என்ற பழி இந்நோயாளிகள் பலர் சுமந்தது. நடக்கிறாள், ஓடுகிறாள், கீழே கிடக்கும் ஊசியை ஓரக்கண்ணாற் கண்டு எடுக்கிறாள், பலகை மட்டும் தெரியவில்லையாம் என்று கேலி செய்வோர் அந்த ஓரக்கண்ணையே கவனித்திருந்தால் விடை கிடைத்திருக்கும். விழித்திரையில் தானாக ஒளிரும் கழிவைக் காட்டும் தன்னொளிர்வுப் படமும் ஓ.சி.ரி. ஸ்கேனும் எடுத்தால் தொடக்கத்திலேயே அடையாளம் காணலாம்.

ஏ.பி.சி.ஏ.4 என்னும் மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதாக இருப்பதே பெரும்பாலான ஸ்டார்கார்ட் நோய்க்குக் காரணம். ஒளியைப் பிடித்தபின் மிஞ்சும் விற்றமின் ஏயின் கழிவை வெளியேற்றும் வேலை அந்த மரபணுவுக்குரியது. அது நடக்காமையால் கழிவு விழித்திரையின் அடியில் குப்பையாகச் சேர்கிறது. இதனால்தான் விற்றமின் ஏ குளிசையும் மீன் ஈரல் எண்ணெய்க் குளிசையும் மகளுக்குக் கொடுக்கக்கூடாது. சாதாரண உணவில் வரும் கரட்டுக்கும் கீரைக்கும் பயப்பட வேண்டாம், குளிசை வடிவில் அள்ளிக் கொடுப்பதே தவறு. வெயிலில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணியட்டும். வீட்டில் எவரும் புகைத்தால் அதை நிறுத்துங்கள்.

இந்நோயை நிறுத்தும் மருந்து இன்று கைவசம் இல்லை. ஆனால் பார்வையைக் காப்பது என்பதில், இருக்கும் பார்வையைப் பயன்படுத்தக் கற்பதும் அடங்கும். நடுவில் மங்கினாலும் அதற்குச் சற்றுப் பக்கத்தில் நல்ல விழித்திரை இருக்கிறது; அந்த இடத்தால் நிலையாகப் பார்க்கப் பழக்குவதற்கென்றே குறைபார்வைக் கிளினிக்குகள் உள்ளன. உருப்பெருக்கி, பெரிய எழுத்துப் பிரதிகள், கைப்பேசிக் கமராவாற் பலகையைப் படமெடுத்துப் பெருப்பித்துப் பார்ப்பது ஆகியன படிப்பைத் தொடரப் போதும். முன்வரிசையில் உட்கார வைப்பதோடு கடமை முடிந்தது என்று நினைக்கும் ஆசிரியர்களிடம் நிபுணரின் கடிதத்தைக் காட்டி, கைப்பேசிக்கு அனுமதி கேளுங்கள். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு மேலதிக நேரமும் பெரிய எழுத்து வினாத்தாளும் வேண்டுமென்றால், விண்ணப்பிக்கும் காலத்திலேயே அதிபர் ஊடாகப் பரீட்சைத் திணைக்களத்துக்கு வைத்திய அறிக்கையுடன் எழுத வேண்டும்; பரீட்சை வாரத்தில் ஓடித் திரிவதில் அர்த்தமில்லை.

கேள்வி: கனடாவிலிருக்கும் என் அண்ணர், ஒரே ஊசியிற் பிறவிக் குருட்டுத்தன்மை மாறும் மரபணுச் சிகிச்சை வந்துவிட்டது என்று செய்தி அனுப்பியிருக்கிறார். என் இரண்டு பிள்ளைகளுக்கும் பிறந்ததிலிருந்தே பார்வை குறைவு. காணியை விற்றாவது கொண்டுபோகலாமா? – வாசகர், மட்டக்குளி

பதில்: காணியை விற்க வேண்டாம், குறைந்தது இன்றைக்கு விற்க வேண்டாம்.

செய்தி உண்மைதான். ஆர்.பி.ஈ.65 என்னும் மரபணு பழுதானால், ஒளிபட்டுத் தீர்ந்த விற்றமின் ஏயை மீண்டும் பயன்படும் வடிவத்துக்கு மாற்றும் சுழற்சி நின்றுவிடும். கலங்கள் உயிரோடிருந்தும் எரிபொருள் இல்லாத அடுப்புப் போலாகும். பிரியார்ட் என்னும் நாயினத்தில் இதே கோளாறு இயற்கையாகவே இருந்தது. 2001 இல் லான்சலொட் என்ற நாய் உட்படச் சில நாய்களுக்கு, தீங்கற்ற சிறு வைரஸ் ஒன்றினுள் நல்ல மரபணுவை வைத்துச் செலுத்தியபோது அவை பார்க்கத் தொடங்கியதாக அமெரிக்க ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 2008 இல் மனிதர்களுக்குச் செய்ததன் முதல் முடிவுகள் லண்டனிலிருந்தும் பிலடெல்ஃபியாவிலிருந்தும் வெளிவந்தன. 2017 டிசம்பரில் அமெரிக்க அரசு லக்ஸ்டர்னா என்ற பெயரில் அதற்கு அனுமதி வழங்கியது. அங்கே அறிவித்த விலை ஒரு கண்ணுக்கு 425,000 டொலர், இரண்டு கண்ணுக்கு 850,000 டொலர். மட்டக்குளியில் எந்தக் காணியை விற்றாலும் இதற்குக் காணாது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

விலையைவிட முக்கியமான சங்கதி வேறு. இந்தச் சிகிச்சை ஆர்.பி.ஈ.65 ஒன்றுக்கு மட்டுமே உரியது. பிறவியிலேயே பார்வை குறையும் லீபர் நோயை உண்டாக்கக்கூடிய மரபணுக்கள் இருபதுக்கும் மேல், ஆர்.பி.யை உண்டாக்குபவை எண்பதளவில். மற்ற எந்த மரபணுவின் பழுதுக்கும் இந்த மருந்து ஒரு துளியும் உதவாது. ஏன் எல்லாவற்றுக்கும் இதே முறையிற் செய்யவில்லை என்று கேட்பீர்கள். அந்த வைரஸ் ஒரு சிறிய உமல், ஓலைப் பை போன்றது. சுமார் 4,700 மரபெழுத்துகளுக்கு மேல் அதற்குள் அடங்காது. முந்தைய கடிதத்திற் சொன்ன ஸ்டார்கார்ட் மரபணுவோ சுமார் 6,800 எழுத்து நீளமானது. கொள்ளாத பொருளை எப்படிப் பகுதி பகுதியாக ஏற்றுவது என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் மினக்கெடுகிறார்கள்.

‘ஒரே ஊசி’ என்பதும் செய்தியாளர் சுருக்கம். மயக்க மருந்து கொடுத்து, கண்ணின் உள்ளே இருக்கும் கூழை அகற்றிவிட்டு, விழித்திரைக்கு அடியில் 0.3 மில்லிலீற்றர் திரவத்தை மெல்லிய குழாயாற் செலுத்துகிறார்கள். மற்றக் கண்ணுக்கு வேறொரு நாளில். உயிருள்ள கலங்கள் போதுமான அளவு எஞ்சியிருக்க வேண்டும், இல்லையெனில் மரபணுவை வாங்கிக்கொள்ள ஆளில்லை. கிடைக்கும் பயன் பெரும்பாலும் மங்கிய வெளிச்சத்தில் தடுக்காமல் நடமாடுவதில்தான் தெரிகிறது, எழுத்துப் பலகை வாசிப்பில் அவ்வளவாக இல்லை. செலுத்திய இடத்தைச் சுற்றி விழித்திரை மெலிவதும் சிலருக்குப் பின்னாளில் நேர்ந்திருக்கிறது. இவ்வளவையும் சொன்ன பிறகும் இது கண் வைத்தியத்திற் பெரியதொரு திருப்பம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

உங்கள் அடுத்த படி கனடாவுமன்று, அமெரிக்காவுமன்று, கின்சி வீதி. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் 1983 முதல் இயங்கும் மனிதப் பிறப்புரிமையியல் அலகில் பரம்பரை நோய்களுக்கான ஆலோசனை பெறலாம். கண் நிபுணரின் கடிதத்துடன் செல்லுங்கள். பிள்ளைகளின் இரத்தத்தில் எந்த மரபணு பழுது என்று தெரிந்த பின்னர்தான் எந்தச் சிகிச்சையைப் பற்றியும் கேட்பதில் பொருளுண்டு. பதில் ஆர்.பி.ஈ.65 என்று வந்தால் எனக்கு மீண்டும் எழுதுங்கள். வேறு மரபணு என்று வந்தாலும் அந்த அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள், ஏனெனில் வெளிநாடுகளில் நடக்கும் பரிசோதனைச் சிகிச்சைகளுக்கு ஆள் சேர்க்கும்போது முதலிற் கேட்பது அதைத்தான்.

கேள்வி: வெளிநாட்டில் ஓர் இடத்தில், வயிற்றுக் கொழுப்பிலிருந்து ‘ஸ்டெம் செல்’ எடுத்துக் கண்ணுக்குள் செலுத்தினால் விழித்திரை புதிதாக முளைக்கும் என்று விளம்பரம் பார்த்தேன். ஒரே நாளில் இரண்டு கண்ணுக்கும் செய்வார்களாம். போகலாமா? – வாசகர், கிராண்ட்பாஸ்

பதில்: போகாதீர்கள். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இதே முறையில், வயது முதிர்ச்சியால் விழித்திரை நலிந்த மூன்று பெண்களுக்கு இரண்டு கண்களிலும் ஒரே நாளில் செய்தார்கள். மூவரும் பார்வையை இழந்தார்கள், விழித்திரை பிரிந்தது; 2017 இல் இது மருத்துவ இதழில் வெளியாயிற்று. உங்களுக்கு ஒரு சிறு உரைகல் தருகிறேன்: உண்மையான ஆய்வு பொதுவாக நோயாளியிடம் பணம் கேட்காது, முதலில் ஒரு கண்ணுக்கு மட்டுமே செய்யும், எந்த மரபணு என்று கேட்காமற் தொடாது. நீங்கள் அனுப்பிய விளம்பரம் மூன்றிலும் தோற்றுவிட்டது.

கேள்வி: எனக்கு ஆர்.பி. இருக்கிறது. சொந்தத்துக்குள், என் மாமாவின் மகளைச் செய்து வைக்கப் பேசுகிறார்கள். சாதகம் பொருந்தியிருக்கிறது. பிள்ளைகளுக்கும் வருமா? – வாசகர், வத்தளை

பதில்: உங்களுக்கு நோய் எந்த வழியில் வந்தது என்பதைப் பொறுத்தது. பெற்றோர் இருவருக்கும் நோயில்லாமல் உங்களுக்கு மட்டும் வந்திருந்தால், இருவரிடமிருந்தும் ஒரே மரபணுவின் பழுதான பிரதி ஒவ்வொன்று உங்களுக்குச் சேர்ந்திருக்கக்கூடும். அப்படியானால் உங்களிடம் நல்ல பிரதி ஒன்றுமில்லை. நீங்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் பழுதான பிரதியையே கொடுப்பீர்கள். மணமகள் அந்நியராயின் அவரிடம் அதே மரபணுவிற் பழுது இருக்கும் சாத்தியம் மிகக் குறைவு, பிள்ளைகள் பெரும்பாலும் தப்பிவிடுவார்கள். மாமாவின் மகளோ, உங்கள் அம்மாவிடம் இருந்த அதே பழுதைத் தன் தந்தை வழியாகப் பெற்றிருக்க நாலில் ஒரு பங்கு சாத்தியம் உண்டு. அவர் அதனைக் காவுபவராக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. முதற் பிள்ளை தப்பினால் இரண்டாவதற்கு வரும் என்றோ, முதலாவதற்கு வந்தால் இரண்டாவது தப்பும் என்றோ கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் நாணயம் புதிதாகவே சுண்டப்படுகிறது.

வேறு வழியில் வந்த ஆர்.பி.க்குக் கணக்கு வேறு. எனவே முதலில் உங்கள் மரபணுவைக் கண்டுபிடியுங்கள். பின்னர் மச்சாளின் இரத்தத்தில் அந்த ஒன்றை மட்டும் பார்ப்பது இலகு. இதனை இரு வீட்டாரும் அறியப் பேசி, மச்சாளின் சம்மதத்துடனேயே செய்ய வேண்டும். திருமணம் செய்யாதே என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. சாதகத்தைப் பார்த்தவர்கள் இதையும் பார்க்கட்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

கேள்வி: முச்சக்கரவண்டி ஓட்டுகிறேன், வயது 41. ஆர்.பி. என்கிறார்கள், ஆனால் எழுத்துப் பலகையில் கடைசி வரிவரை வாசிக்கிறேன். பகலில் மட்டும் ஓட்டலாமா? – வாசகர், மருதானை

பதில்: எழுத்துப் பலகை நடுப்பார்வையை மட்டுமே அளக்கிறது. பக்கத்து ஒழுங்கையிலிருந்து பந்தைத் துரத்திக்கொண்டு வரும் பிள்ளையை அது அளப்பதில்லை. பார்வைப் பரப்புப் பரிசோதனை செய்து, அதன் வரைபடத்தை நிபுணர் உங்களுக்கு விளக்கும் வரையில், பகலிலும் ஓட்டாதீர்கள். பிழைப்பின் கேள்வி என்று தெரிந்தே எழுதுகிறேன். சாரதி அனுமதிப்பத்திரத்துக்காகத் தேசிய போக்குவரத்து வைத்திய நிறுவகத்துக்குச் செல்லும்போது நோயை மறைக்கவும் வேண்டாம்.

கேள்வி: கண்ணுக்குள் அடிக்கடி மின்னுகிறது. ஆர்.பி. உள்ளவர்களுக்கு இது சாதாரணம் என்கிறார்களே? – வாசகி, கொள்ளுப்பிட்டி

பதில்: நெடுநாளாக, மெல்லிய மினுக்கமாக இருந்தால் சாதாரணம். திடீரென்று புதிதாக மின்னி, கரும்புள்ளிகள் மழைபோல விழுந்து, ஒரு பக்கத்தில் திரை இறங்குவது போலிருந்தால் விழித்திரை பிரிகிறது என்று கொண்டு அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. விழித்திரை நோயென்று சொல்லி, போகப் போகப் பார்வை குறையும் என்கிறார்கள். எனக்கு இரண்டு கண்ணும் நல்லது. நம் நாட்டிலிருந்து எத்தனையோ நாடுகளுக்குக் கண் அனுப்புகிறார்களே. என் ஒரு கண்ணை எடுத்து அவனுக்கு வைக்க முடியாதா? – தந்தை, கொச்சிக்கடை

பதில்: உங்கள் கடிதத்தைச் சில நாட்கள் மேசையில் வைத்திருந்தேன். முடியாது என்பதே பதில். ஏன் என்பதையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

வைத்தியர் ஹட்சன் சில்வா 1961 இல் தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கம் ஊடாகப் பிற நாடுகளுக்குப் போவது, இறந்தவர் கண்ணின் முன்புறத்தில் கண்ணாடிபோல் இருக்கும் விழிவெண்படலம். அது மங்கியவர்களுக்கு அதனை மாற்றிப் பொருத்தலாம். உங்கள் மகனின் விழிவெண்படலத்தில் குறையில்லை. அவனுக்குப் பழுதாவது கண்ணின் பின்சுவரில் ஒட்டிய விழித்திரை; அதிலிருந்து பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பிழைகள் மூளைக்குப் போகின்றன. அறுந்த அந்த இழைகளை மீண்டும் ஒவ்வொன்றாகப் பொருத்தும் வழி உலகில் எங்குமே இல்லை. ஆகவே முழுக் கண்ணை மாற்றி வைத்தாலும் அது பார்க்காது.

உங்களிடமிருந்து அவனுக்குத் தேவைப்படுவது வேறொன்று. பிள்ளையின் இரத்தத்தில் ஒரே மரபணுவில் இரண்டு மாற்றங்கள் தென்படும்போது, அவை தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வந்தவையா, அல்லது இரண்டும் ஒருவரிடமிருந்தே வந்து நோய்க்குத் தொடர்பில்லாதவையா என்பதைப் பெற்றோரின் இரத்தத்துடன் ஒப்பிட்டே உறுதி செய்கிறார்கள். பெற்றோர் வராமையால் முடிவு சொல்ல முடியாமற் கிடக்கும் அறிக்கைகள் பல. மகனை அழைத்துச் செல்லும் நாளில் நீங்களும் அவனுடைய தாயாரும் சேர்ந்து செல்லுங்கள். வெறும் வயிற்றில் இருக்கத் தேவையில்லை. ஆளுக்குச் சில மில்லிலீற்றர் இரத்தம் எடுப்பார்கள், அவ்வளவே.